சமையலுக்கு ஆப்பிள் மரம்: கிரானி ஸ்மித், அன்னா, பிராம்லி, இல்லை கெய் ஆப்பிளா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் தமிழ் வீடுகளில் பச்சை ஆப்பிளுக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. மாங்காய் கிடைக்காத மாதங்களில் ஊறுகாய் போடலாம். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சேர்த்துச் சட்னி அரைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு கிரம்பிள் (மாவும் வெண்ணெயும் உதிர்த்துத் தூவிச் சுடும் இனிப்பு) செய்யலாம். ஒன்றும் இல்லாவிட்டால் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அப்படியே கடிக்கலாம். இதற்கெல்லாம் கடையில் வாங்குவது கிரானி ஸ்மித் என்பதால், கொல்லையில் ஒரு ஆப்பிள் மரம் வைக்கலாம் என்று ஆசை வந்தவுடன் நர்சரியில் போய்க் கேட்பதும் அதைத்தான்.

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் என் அக்கா அப்படித்தான் கேட்டார். ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் மைத்துனரும் அதையே கேட்டார். இருவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. மைத்துனருக்குக் கிரானி ஸ்மித் சரியான மரம். அக்காவுக்கு அது ஏமாற்றும் மரம். சமையலறைக்கு எந்தப் புளிப்பு வேண்டும் என்று பார்ப்பதற்கு முன்னால், நம் வீட்டு ஜூலை இரவு எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்க வேண்டும். ஆப்பிளில் முதல் முடிவை எடுப்பது குளிர்காலம்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஆப்பிள் மரம் இலையுதிர்த்து உறங்கும் மரம். கோடை முடியும்போதே அடுத்த வருஷத்துப் பூமொட்டுகளைக் கட்டி வைத்துவிடுகிறது. அந்த மொட்டுகள் விரிய வேண்டுமானால், நடுவில் போதுமான அளவு குளிரைக் கடந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எத்தனை மணிநேரம் கழிந்தது என்று எண்ணுவது பழைய கணக்கு. பகலில் வெயில் ஏறினால் இரவில் சேர்ந்த குளிரில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பதையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் குளிர்காலத்தில் இரவு நடுக்கும், பகல் சுள்ளென்று அடிக்கும். அதனால் அமெரிக்காவில் போட்ட கணக்கு இங்கே சரியாகப் பொருந்தவில்லை. ஒரு நாளின் நஷ்டம் அடுத்த நாளின் சேமிப்பைத் தொடாதபடி அதைத் திருத்தி, 1990களில் இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் தனிக் கணக்கே போட்டார்கள். வீட்டுத் தோட்டக்காரருக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஆனால் "இங்கேயும் குளிரத்தானே செய்கிறது" என்று சொல்லிவிட்டுக் கன்று வாங்கினால் போதாது.

டர்பன் கடற்கரையில் ஜூலை இரவுகளிலேயே சராசரி வெப்பம் 11 டிகிரி பக்கம் நிற்கிறது. உறைபனி என்பதே கிடையாது. பீனிக்ஸ், டொங்காட், இசிப்பிங்கோ, ஸ்டேன்ஜர் எல்லாம் இதே கதைதான். பீட்டர்மாரிட்ஸ்பர்கில், நான் இருக்கும் பக்கம், பள்ளமான இடங்களில் காலையில் புல் வெளுத்திருக்கும். லேடிஸ்மித், நியூகாசில் இன்னும் குளிர். ஜொஹானஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,700 மீட்டர். அங்கே ஜூலை இரவின் சராசரி 4 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். நாட்டின் ஆப்பிள் பெரும்பகுதி விளைவது இங்கெல்லாம் இல்லை, மேற்குக் கேப்பில், செரெஸ், எல்ஜின், கிராபோ பக்கத்து மலைப் பள்ளத்தாக்குகளில். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும், பழம் முற்றும் கோடை காய்ந்திருக்கும். நமக்கு நேர் எதிர். பழம் முற்றும் நேரத்தில்தான் இங்கே மழையும் புழுக்கமும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் பார்ப்போம்.

முதலில் கிரானி ஸ்மித். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் பக்கத்தில் ஈஸ்ட்வுட் என்ற ஊரில், 1868 வாக்கில், மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியம்மாவின் நிலத்தில் தானாக முளைத்த கன்று இது. சமைக்க இதை மிஞ்சுவது கஷ்டம். புளிப்பு நிலையாக இருக்கும். துண்டு போட்டு வேகவைத்தால் உருவம் ஓரளவு நிற்கும். ஊறுகாய்க்கு இது மிக முக்கியம், குழைந்துபோனால் அது தொக்கு ஆகிவிடும். பறித்த பிறகு குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பது வீட்டுக்குப் பெரிய வசதி. தனி மரமாக வைத்தாலும் கொஞ்சம் காய்க்கும். பக்கத்தில் கோல்டன் டெலிஷஸ் மாதிரி இன்னொரு ரகம் இருந்தால் காய்ப்பு நன்றாகவே கூடும்.

இதற்குத் தேவையான குளிர் 400 முதல் 600 மணிநேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜொஹானஸ்பர்க் இருக்கும் உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்டில் அது கிடைக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இடத்தைப் பொறுத்தது. பள்ளத்தில் இருக்கும் தோட்டத்தில் சுமாராகத் தேறும், தெற்கே பார்த்த சரிவு என்றால் இன்னும் நல்லது. கடற்கரையில் நடக்காது.

நடக்காது என்றால் மரம் செத்துப்போகும் என்று அர்த்தம் இல்லை, அதுதான் சிக்கலே. கடலோரத்தில் நிற்கும் கிரானி ஸ்மித் ஒன்றை அக்டோபரில் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு கொத்து இலை இருக்கும். அதற்குக் கீழே முழ நீளத்துக்கு வெறும் குச்சி. அந்தக் குச்சியில் மொட்டுகள் இருக்கின்றன, விரலால் தடவினால் தட்டுப்படும், ஆனால் பழுப்புச் செதில் மூடியபடியே கிடக்கும். ஒரு மொட்டு பூத்து வாடி உதிர்ந்திருக்கும்போது அடுத்த மொட்டு இன்னும் கண் திறக்காது. பூக்கள் ஒரே வாரத்தில் சேர்ந்து பூத்தால்தானே தேனீக்கு வேலை? இப்படி இரண்டு மாதம் இழுத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் பூத்தால், பக்கத்தில் துணை மரம் இருந்தும் பயன் இல்லை. வருஷத்துக்கு நாலைந்து காய் வரும். அந்த நாலைந்தைப் பார்த்து "அடுத்த வருஷம் பிடித்துக்கொள்ளும்" என்று மனது சொல்லும். உரம் போடுவோம், கவாத்து செய்வோம், பத்து வருஷம் போய்விடும். இருக்கிற சின்ன இடத்தை அப்படி ஒரு மரத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவே இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஹைவெல்டில் கிரானி ஸ்மித் வைப்பவர்களுக்கு வேறு கவலைகள். அக்டோபர், நவம்பரில் வரும் ஆலங்கட்டி மழை பிஞ்சுகளில் குழி குழியாக அடித்துவிடும். சமையலுக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அடிபட்ட பழம் சேமிப்பில் நிற்காது. மரம் சின்னதாக இருந்தால் வெள்ளை வலை கட்டிவிடலாம், பழம் கொத்தும் மவுஸ்பேர்டு பறவைகளுக்கும் அதுவே தடுப்பு. இரண்டாவது, மேற்கு வெயில். பச்சைத் தோலில் வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகி, பிறகு பழுப்புத் தழும்பாகிவிடும். மேற்குப் பக்கத்துக் கிளைகளை ரொம்ப வெட்டாமல் இலைநிழல் இருக்கும்படி விட்டுவிடுங்கள். மூன்றாவது, தண்ணீர். அங்கே மரம் பூக்கும் செப்டம்பரில் மழை இன்னும் வந்திருக்காது. வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றி, அடியில் காய்ந்த புல் மூடாக்கு போட வேண்டும். இதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான். குளிர் இல்லாத குறையை மட்டும் எந்த வேலையாலும் ஈடுகட்ட முடியாது.

அப்படியானால் கடற்கரைக்கு என்ன? இங்கேதான் அன்னா வருகிறது. இஸ்ரேலில், ஐன் ஷெமர் என்ற கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் கிராமத்தில்), சூடான நாட்டுக்கென்றே ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகம். 200, 300 மணிநேரக் குளிர் போதும் என்பார்கள். இதற்குத் துணையாக வைப்பது கோல்டன் டார்செட். அது இன்னும் வியப்பான மரம், பஹாமாஸ் தீவில் நாசோ நகரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தது. உறைபனியே தெரியாத ஊரில் பிறந்த ஆப்பிள். இரண்டும் தென்னாப்பிரிக்க நர்சரிகளில் கிடைக்கின்றன. இரண்டும் சீக்கிரமே, ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூக்கும், அதனால் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுக்கும். அன்னாவைத் தனியாக வைத்தால் காய்ப்பு மெலிந்துவிடும். ஆகவே அன்னா என்று முடிவு செய்தால் இரண்டு மரம் என்று முடிவு செய்ததாக அர்த்தம். இடம் இல்லாதவர்கள் ஒரே குழியில் இரண்டு கன்றையும் சாய்த்து நட்டு, ஒரு மரம்போல வளர்க்கலாம். ஒரே அடிமரத்தில் இரண்டு ரகமும் ஒட்டிய கன்று கிடைத்தால் அதுவும் சரிதான்.

இப்போது நியாயமான கேள்வி ஒன்று வரும். அன்னா சாப்பிடும் ஆப்பிள் அல்லவா, இனிப்பாக, சிவப்புப் பூசியதாக இருக்குமே, சமையலுக்கு எப்படி? பழுத்த பிறகு என்றால் உண்மைதான். நன்றாகப் பழுத்த அன்னா சமைத்தால் குழைந்துவிடும், புளிப்பும் இருக்காது. மேசையில் வைத்தால் இரண்டு வாரத்தில் மாவு மாவாகிவிடும். ஆனால் முற்றியதும் பழுக்காததுமான ஒரு நிலை இருக்கிறது. அந்த நேரத்தில் பறித்தால் நல்ல புளிப்பு, நல்ல கெட்டி.

அந்த நிலையை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பழத்தோட்டக்காரர்கள் அறுவடைக்கு முன் செய்யும் சோதனைதான். மருந்துக்கடையில் காயத்துக்குப் போடும் அயோடின் டிங்சர் வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தின் நடுப்பக்கத்திலிருந்து ஒரு காயைப் பறித்துக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் அயோடினைப் பூசி ஓரிரு நிமிடம் விடுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். முகம் முழுக்கக் கறுத்தால் காய் இன்னும் பிஞ்சு, ருசி பச்சையாக இருக்கும். நடுவில் விதையைச் சுற்றி மட்டும் வெளுத்து, வெளிப்பக்கம் கறுப்பாக நின்றால், அதுதான் ஊறுகாய்க்கும் சட்னிக்குமான பருவம். முக்கால்வாசி வெளுத்துவிட்டால் கையில் கடித்துச் சாப்பிட வேண்டியதுதான். விதையையும் பாருங்கள். வெள்ளை விதையில் பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும், முழுக்கக் கறுத்திருக்காது. சோதித்த காயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சாப்பிட வேண்டாம்.

கடலோரத்தில் அன்னா பூப்பது ஆகஸ்டில், பறிப்பது டிசம்பர் வாக்கில். நம் கணக்கில் ஆடி, ஆவணியில் பூத்து, கார்த்திகை, மார்கழியில் கைக்கு வரும். கடைசி வாரங்களில் மழையும் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் பழ ஈதான் முதல் எதிரி. மத்தியதரைக்கடல் பழ ஈ, நேட்டால் பழ ஈ இரண்டும் இங்கே உண்டு. பக்கத்தில் கொய்யாவும் லோகாட்டும் நின்றால் அவற்றில் பெருகி நேராக ஆப்பிளுக்கு வந்துவிடும். மருந்து அடிப்பதைவிட, பிஞ்சு கோலிக்குண்டு அளவு தாண்டியதும் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டிவிடுவதையே நான் சொல்வேன். சின்ன மரத்தில் ஒரு மத்தியான வேலை. விழுந்த கொய்யாவைப் பொறுக்கி ஆழப் புதைப்பதும் அதே அளவு முக்கியம். குரங்குக்கு மட்டும் காகிதப் பை பயன்படாது. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் வெர்வெட் குரங்குக் கூட்டம் வராத தெரு குறைவு. புளிப்பு நிலையில் பறிப்பதில் ஒரு நன்மை, குரங்குக்கு வாசனை எட்டுவதற்குள் பாதி விளைச்சல் ஊறுகாய் ஜாடிக்குள் போய்விடும்.

கடலோரத்தில் இன்னொரு பழக்கமும் தேவை. அங்கே மரம் இலையைத் தானாக முழுக்க உதிர்க்காது. பழைய இலை தொங்கிக்கொண்டே இருந்தால் மொட்டு எழும்புவது ஒழுங்கில்லாமல் போகும். ஜூன் கடைசியில் தண்ணீரைக் குறைத்து, ஜூலையில் மீதி இலையைக் கையாலேயே உருவி எடுத்துவிட வேண்டும். இது புதிய யோசனை இல்லை. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பத்து என்ற மலையூரில், பூமத்தியரேகைக்கு அவ்வளவு அருகில், இப்படி இலை உருவியே வருஷத்துக்கு இரண்டு போகம் ஆப்பிள் எடுக்கிறார்கள். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, முருங்கையைக் கழிப்பது போலத்தானே என்று உடனே பிடித்துக்கொண்டார்.

அன்னாவே எங்கும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். லெனேசியாவில் அது ஆகஸ்டிலேயே கண் விழித்துவிடும். அங்கே செப்டம்பரில்கூட ஒரு உறைபனி வந்துவிட்டுப் போவது உண்டு. விரிந்த பூ ஒரே இரவில் கருகிவிடும். சுவரை ஒட்டிய வெதுவெதுப்பான மூலை இருந்தால் தப்பிக்கலாம், திறந்த வெளியில் வேண்டாம். குறைந்த குளிர் போதும் என்ற குணமே குளிர் ஊரில் பலவீனம் ஆகிவிடுகிறது.

பிராம்லியைப் பற்றி ஆசையோடு கேட்பவர்கள் உண்டு, முக்கியமாக இங்கிலாந்துக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வந்தவர்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து வந்த மரம் இது. பின்னால் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் மேத்யூ பிராம்லியின் பெயர் ஒட்டிக்கொண்டது. சமையல் ஆப்பிள் என்றால் ஆங்கிலேயருக்கு இதுதான். வேகவைத்தால் பஞ்சுபோல நுரைத்துக் கரையும், புளிப்பு அள்ளும். நம் சட்னிக்கு அருமையாக இருக்கும், ஊறுகாய்க்கு ஆகாது, துண்டு நிற்காது.

மரம் என்று பார்த்தால் நம்மில் பெரும்பாலோருக்கு இது வேண்டாம். குளிர் நிறைய கேட்கும். மரமும் பெரிதாக விரியும். இதன் மகரந்தம் பயன்படாது, ஏனென்றால் மற்ற ஆப்பிள்களில் பெரும்பாலும் இரண்டு தொகுதியாக இருக்கும் குரோமோசோம் இதற்கு மூன்று தொகுதி. அதனால் இதற்கு மகரந்தம் கொடுக்க ஒரு மரம், அந்த மரத்துக்குக் கொடுக்க இன்னொன்று என்று மூன்று மரம் நட வேண்டும். இங்கே சாதாரண நர்சரியில் கன்றும் எளிதில் அகப்படாது. வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் குச்சி வைத்துக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் செடி கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அதைவிட, ஒரு குச்சியோடு வரும் நோய் ஒரு பள்ளத்தாக்கையே அழிக்கும். டிராகன்ஸ்பெர்க் அடிவாரத்தில் அண்டர்பெர்க் பக்கம் நிலமும் இடமும் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கடையில் வாங்கிய ஆப்பிளின் விதையைப் போட்டு வளர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். மரம் வரும், தாய் மரத்தின் பழம் வராது. கிரானி ஸ்மித்தும் பிராம்லியும் விதையில் பிறந்தவைதானே என்றால், ஆமாம், ஆனால் அப்படி ஒன்று தேறுவது ஆயிரக்கணக்கில் ஒன்று. அதற்குப் பல வருஷக் காத்திருப்பு வேறு. இருக்கும் ஒரே இடத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, ஆப்பிள் என்று பெயர் மட்டும் கொண்ட, ஆனால் நம் கடற்கரைக்காகவே பிறந்த ஒரு மரம், கெய் ஆப்பிள். கிழக்குக் கேப்பின் கெய் நதியால் வந்த பெயர். ஆப்பிளுக்கும் இதற்கும் உறவே இல்லை. கிழக்குக் கேப்பிலிருந்து நேட்டால் வழியாக வடக்கே தூரம்வரை காட்டில் தானாக வளர்கிறது. இலை உதிராது, குளிர் கேட்காது, உப்புக்காற்றும் வறட்சியும் தாங்கும். எலுமிச்சை அளவுக்குச் சற்றுக் குறைவான மஞ்சள் பழம், கோடையில் வரும். நல்ல கூர்மையான புளிப்பு. தோலும் விதையும் நீக்கிச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டால் தானே கெட்டிப்படும், ஜாமுக்கு அருமை. பச்சை மிளகாய், பூண்டு, கடுகு தாளித்து ஊறுகாயும் போடலாம். கிரம்பிள் செய்யத்தான் இது உதவாது. சதைப்பற்று கொஞ்சம், விதை அதிகம்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முள் நீளம், கூர்மை, குத்தினால் பல நாள் வலிக்கும். சின்னப் பிள்ளைகள் ஓடும் வழியில் நடக் கூடாது. வேலி ஓரம்தான் சரியான இடம், திருட்டுக்கும் காவல். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக்கன்று வாங்கினால் பூக்கும்வரை எது எது என்று தெரியாது. அதனால் ஒற்றை மரமாக வாங்காமல், நாலைந்து கன்றை வேலியாக நட்டுவிட்டு, பூத்த பிறகு ஒரு ஆணை வைத்துக்கொண்டு மிச்ச ஆண்களை எடுத்துவிடுவது நல்லது.

இப்போது எல்லாவற்றையும் ஊர்வாரியாகச் சொல்லிவிடுகிறேன். லெனேசியா, லாடியம், நியூகாசில் என்றால் கிரானி ஸ்மித், தயக்கம் வேண்டாம், இடம் இருந்தால் கூட ஒரு கோல்டன் டெலிஷஸ். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தோட்டத்தைப் பாருங்கள். ஜூலைக் காலையில் புல்லில் வெள்ளை தெரிந்தால் கிரானி ஸ்மித். ரெய்ஸ்தோர்ப், நார்த்டேல் பக்கம் மேட்டில் வீடு, உறைபனியே கண்ணில் படவில்லை என்றால் அன்னாவும் கோல்டன் டார்செட்டும். கடற்கரையில் இரண்டு கன்றுக்கு இடமும், ஜூலையில் இலை உருவவும் பிஞ்சு பிடித்ததும் பை கட்டவும் ஆளும் இருந்தால் அன்னா ஜோடி. இடம் ஒன்றுக்குத்தான் என்றால் கோல்டன் டார்செட்டைத் தனியாக வைக்கலாம், அது தனியாகவும் ஓரளவு காய்க்கும். பராமரிக்க நேரமே இல்லை, ஆனால் வேலி இருக்கிறது, ஊறுகாயும் ஜாமும் போதும் என்றால் கெய் ஆப்பிள்.

அக்கா இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார், அன்னா ஜோடியை. கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் நடுவில் வெயில் விழும் இடம் ஒன்று இருக்கிறது. என் கருத்தில் சாட்ஸ்வர்த் வீட்டுக்கு அதுவே சரி. அவர் கிரம்பிளை விட மாட்டார்.

எந்த ரகம் என்பதோடு எதன்மேல் ஒட்டியது, அதாவது அடியில் வேராக நிற்கும் வேர்ச்செடி எது என்றும் நர்சரியில் கேளுங்கள். இதைக் கேட்காமல் வாங்குபவர்களே அதிகம். பஞ்சு அசுவினி என்று ஒரு பூச்சி, கிளையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோலத் தெரியும், வேருக்கும் இறங்கும். வேரில் பிடித்தால் முடிச்சு முடிச்சாக வீங்கி மரம் தேயும். அதை வேர் தாங்கும்படி இங்கிலாந்தில் மாலிங், மெர்ட்டன் என்ற இரண்டு இடத்து ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து உருவாக்கிய வேர்ச்செடி வரிசைதான் எம்எம். எம்எம்106 கிடைத்தால் மரம் நடுத்தர உயரத்தில் நிற்கும், மூன்று நாலு வருஷத்தில் காய்க்கும். ஆனால் நீர் தேங்கும் களிமண்ணில் அதற்குக் கழுத்தழுகல், அதாவது மண்ணை ஒட்டிய அடித்தண்டு அழுகும் நோய், வரும். அப்படிப்பட்ட மண்ணில் மேடு கட்டி நடுங்கள், அல்லது கொஞ்சம் பெரிதாக வளரும் மெர்ட்டன் 793 கேளுங்கள். தொட்டியில் வைக்க நினைப்பவர்கள் குட்டை வேர்ச்செடி கேட்கலாம், முட்டுக்கோல் மட்டும் கடைசிவரை வேண்டும்.

நடும் நேரம் ஆடி. ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரில் சொன்னது மழையை நம்பி. இங்கே அதே மாதம் நடுக்குளிர், மரம் உறக்கத்தில் இருக்கும், மண் இல்லாமல் வெறும் வேரோடு கன்று விற்பனைக்கு வரும். கோயிலில் கூழ் ஊற்றும் வாரங்களில் குழி தயாராக இருக்க வேண்டும். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். அது மண்ணுக்குள் போனால் மேல்ரகமே வேர் விட்டு, நாம் தேடி வாங்கிய வேர்ச்செடியின் பலன் போய்விடும். நட்டவுடன் கன்றை முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள், மனது வராது, ஆனால் கிளைகள் அங்கிருந்துதான் கிளம்பும். குழியில் கோழி எரு போட வேண்டாம், வேரைச் சுட்டுவிடும். முதல் வருஷம் பூத்தால் பூவைக் கிள்ளிவிடுங்கள். இரண்டாம் வருஷம் நாலைந்து காய் மட்டும் விடுங்கள்.

நல்ல நர்சரிகளில் வெறும்வேர்க் கன்று சீக்கிரம் தீர்ந்துவிடும். சித்திரையிலேயே பெயர் கொடுத்து, ரகத்தையும் வேர்ச்செடியையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.